பிரதியில் தங்கிய வெள்ளி

வண்ணத் திரைப்படப் பிரதியில் கருமை என்பது சாயங்கள் மட்டுமே சேர்ந்து உண்டாக்குவது. படச்சுருளின் அடுக்குகளில் ஒளிபட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் உலோக வெள்ளியாக மாறும்போதே மஞ்சள், மெஜந்தா, சியான் சாயங்கள் அதனருகில் உருவாகின்றன. பின்னர் பிளீச் எனப்படும் வெளுப்புக் குளியல் அவ்வெள்ளியை மீண்டும் உப்பாக்க, ஃபிக்ஸர் அதைக் கரைத்து நீக்கிவிடுகிறது. வெளுப்பைத் தவிர்த்தால் சாயப்படத்தின் மேல் கறுப்பு வெள்ளைப் படமொன்று படிந்தாற்போல வெள்ளி தங்கி, நிழல்கள் அடர்ந்து, நிறங்கள் மங்கி, படத்தின் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாடாகிய கான்ட்ராஸ்ட் கூடுகிறது. 'பிளீச் பைபாஸ்' என்று வழங்கும் இம்முறையை ஜப்பானிய ஒளிப்பதிவாளர் கஸுவோ மியாகாவா, கோன் இச்சிகாவாவின் 'ஒதோதோ' (1960) படத்தில் கையாண்டார். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் '1984' படத்தின் பிரதிகளுக்கு அதைப் பயன்படுத்தினார்.

ஒரேயடியாக வெளுப்பை விட்டுவிடும் இந்த வழியைவிட, ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 'ரெட்ஸ்' (1981) படத்துக்குக் கையாண்ட, ரோமின் டெக்னிகலர் ஆய்வகம் உருவாக்கிய 'ஈ.என்.ஆர்.' முறை நுட்பமானது. அதில் வெளுப்பு வழக்கம்போல நடந்த பிறகு, ஃபிக்ஸருக்கு முன்னால் கறுப்பு வெள்ளை டெவலப்பர் ஒன்றில் பிரதி மீண்டும் நனைக்கப்படுவதால், எவ்வளவு வெள்ளி திரும்ப வேண்டும் என்பதை ஒளிப்பதிவாளர் முடிவுசெய்யலாம். சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை, வெள்ளி தடுக்கிறது. எனவே அக்கதிரைக் கொண்டு அடர்த்தியை அளந்தே வெள்ளியின் அளவை ஆய்வகம் கட்டுக்குள் வைத்தது. (பிரதியின் ஓரத்து ஒலித்தடத்தில் மட்டும் வெள்ளியை மீட்டு வைப்பது ஆய்வகங்களுக்கு ஏற்கெனவே பழகிய வேலைதான்.)

வெள்ளியைத் தங்கவிடும் இத்தகைய முறைகளின் அழகியல் வெற்றியை மறுப்பதற்கில்லை. டேவிட் ஃபிஞ்சரின் 'செவன்' (1995) படத்தில் ஒளிப்பதிவாளர் டேரியஸ் கோன்ஜி அமைத்த இருட்டறைகளில் கைவிளக்கின் ஒளி கத்திபோல் வெட்டிச் செல்வதற்கு, அதைச் சூழ்ந்த கருமை தடித்திருப்பதும் ஒரு காரணம். ஆயினும் அந்தக் கருமை எல்லாப் பார்வையாளரையும் சென்றடையவில்லை. வழக்கமாகக் குளியலிலிருந்து மீட்டு விற்கப்படும் வெள்ளி பிரதியிலேயே தங்குவதாலும், தனிப் பதனிடலுக்குச் செலவு கூடுவதாலும், வெள்ளி தங்கிய பிரதிகள் சில நூறு மட்டுமே எடுக்கப்பட்டு, மற்ற அரங்குகளுக்குச் சாதாரணப் பிரதிகளே சென்றன. ஒரு படத்தின் தோற்றம் ஊருக்கு ஊர் மாறியது என்பதே இதன் பொருள். கலைத்தேர்வை நெகட்டிவில் பதிக்காமல், ஆயிரக்கணக்கில் பெருகும் பிரதியில் பதித்ததன் விலை அது.

ஆனால் பெரிய குறை ஆய்வகத்தில் இல்லை, அரங்கில் இருக்கிறது. பிரதியின் அடர்த்தி 4 என்றால் அப்பகுதி விழும் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கையே கடத்தும். வெளியேறும் வாயிலின் விளக்கும், வெளிர்நிறச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும், லென்ஸில் படிந்த தூசி சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்து, திரையின் வெண்மையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு எப்போதும் திரைமேல் விழுந்துகொண்டிருந்தால், ஆய்வகம் அரும்பாடுபட்டுச் சேர்த்த கருமை அங்கே கண்ணுக்குப் புலப்படாமலேயே போகும். மறுபுறம், படச்சுருள் இல்லாமல் திரையில் 16 அடி-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு) ஒளி இருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு; ஆயுள் முடிந்த செனான் விளக்கை மாற்றாமல் பாதி ஒளியில் ஓட்டும் அரங்கில், சாதாரணப் பிரதி மங்கலாகத் தெரியும், வெள்ளி தங்கிய பிரதியிலோ நிழலிலுள்ள முகங்கள் அடியோடு மறைந்துவிடும். வெள்ளி வெப்பத்தையும் உறிஞ்சுவதால், புரொஜெக்டரில் ஒளி விழும் இடமான கேட்டில் சுருள் சற்றே புடைத்து ஃபோகஸ் நழுவும் சிக்கலும் உண்டு. பார்வையாளர் குறைசொல்வது படத்தை எடுத்தவரை. ஆபரேட்டர் அறையை எவரும் நினைப்பதில்லை.

1998இல் கோடாக் வெளியிட்ட 'விஷன் பிரீமியர்' பிரதிச்சுருள், வெள்ளியைத் தங்கவிடாமலேயே ஆழ்ந்த கருமையைத் தந்தது; நிறம் வெளிறாமல் கான்ட்ராஸ்ட் மட்டும் வேண்டியவர்களுக்கு அது நல்ல மாற்று. '1984'இல் வெளுப்பைத் தவிர்க்கும் முறையை நம்பிய டீக்கின்ஸே, 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) படம் முழுவதையும் ஸ்கேன் செய்து கணினியில் நிறம் திருத்தியபோது, தோற்றம் புதிய நெகட்டிவிலேயே பதிந்தது. பிரதிக்குப் பிரதி பதனிடல் முறை வேறுபடுவதால் தோற்றம் மாறும் குறை அதனால் தீர்ந்தது. அரங்கின் ஒளிக்கசிவு மட்டும் முன்போலவே தொடர்ந்தது.