பூன் வரலாறும் குடிவழிச் சான்றும்

அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளுள் பெரும்புகழ் பெற்றவர் டேனியல் பூன். அவருடைய வரலாற்றை முதன்முதலில் அச்சேற்றியவர் ஜான் பில்சன். 1784ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கெண்டக்கி நூலில், பூனே தம் கதையைக் கூறுவதுபோல் ஒரு பகுதி அமைந்துள்ளது. ஆனால் அதன் நடையோ பில்சனுடையது. அதனினும் பெருங்குறை ஒன்று உண்டு. கதை 1769ஆம் ஆண்டு மே முதல் நாளிலேயே தொடங்குகிறது. அப்பொழுது பூனுக்கு வயது 34. அதற்கு முன் அவர் யாருடைய மகனாய், எங்கே வளர்ந்தார்?

இவ்வினாவிற்கு விடை தருபவை குவேக்கர் சமயச் சபையின் பதிவேடுகளே. தந்தை ஸ்குவயர் பூன், இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த நெசவாளர். மூத்த மகன் இஸ்ரேல் சபைக்குப் புறத்தே மணம் புரிந்தான். தந்தை வருத்தம் தெரிவிக்க மறுத்தார். 1748இல் சபை அவரை விலக்கியது. 1750இல் குடும்பம் தெற்கே புறப்பட்டு, பின்னர் வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பக்கம் குடியேறியது. விலக்கம் ஒன்றே இதற்குக் காரணம் எனத் துணிதல் கூடாது. புதுநில வேட்கையும் உடனிருந்தது.

1851இல் லைமன் டிரேப்பர், பூனின் இளைய மகன் நாதனைக் கண்டு அவர் நினைவுகளை எழுதிக்கொண்டார். அவை அரிய செய்திகளே. எனினும் நாதன் பிறந்தது 1781இல். தந்தையின் இளமையை அவர் கேட்டறிந்தாரேயன்றிக் கண்டறிந்தாரல்லர். இவ்விரண்டையும் ஒரே நிறையாகக் கொள்ளுதல் ஆராய்ச்சியாகாது.

காட்டில் தனித்து நின்ற வீரராகவே பூனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், தந்தையின் பின்னே ஊர்பெயர்ந்த 15 வயதுச் சிறுவனையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.