சில்லறையும் சிலேட்டும்

காசை எண்ணிப் பழகினால் பிள்ளைக்குக் கணக்கு தானாக வந்துவிடும் என்பவர்கள், சந்தையில் காய் விற்கும் சிறுவர்களைச் சான்று காட்டுவார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, 2025-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வியாபாரத்தில் சட்டென்று தொகை சொன்ன பிள்ளைகள், பாடப்புத்தகக் கணக்கைத் தாளில் கொடுத்ததும் தடுமாறினார்கள். சந்தை வேலை அறியாத பள்ளிப் பிள்ளைகளின் கதை இதற்கு நேர்மாறு.

இந்த இடைவெளி எங்கே பிறக்கிறது? 63 ரூபாய்ச் சாமானுக்கு 100 ரூபாய் வாங்கிய கடைக்காரர் கழிப்பதே இல்லை. 2 ரூபாய் வைத்து 65 என்பார், 5 வைத்து 70, 10 வைத்து 80, 20 வைத்து 100. மீதி 37 கைக்கு வந்துவிடுகிறது. அதே கணக்கைச் சிலேட்டில் போடும் பிள்ளை, இரண்டு பூஜ்யங்களைத் தாண்டிக் கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே கணக்குதான் என்று யாரும் அதற்குச் சொன்னதில்லை. பெரிய குறை இதுதான். இது காசின் குறையல்ல, கற்பிப்பவரின் குறை.

காசுக்கென்றும் குறை உண்டு. நம் பழைய 2 ரூபாய் நாணயங்கள் பல, 5 ரூபாய் நாணயத்தைவிட அகலமானவை. அளவைப் பார்த்து மதிப்பை ஊகிக்கும் ஐந்து வயதுக் குழந்தையை அது குழப்பவே செய்யும். பத்துக் குச்சிகளைக் கட்டினால் கட்டுக்குள் பத்தும் தெரியும். 10 ரூபாய் நாணயத்துக்குள் எதுவும் தெரியாது. அதனால் இடமதிப்பைக் காசில் தொடங்குவது தவறு என்றே சொல்வேன். தசமத்துக்கும் காசு இப்போது உதவாது. 25 பைசா நாணயமும் அதற்குக் கீழானவையும் 2011-இல் செல்லாமல் போயின. பைசாவைக் கையில் தொடாத பிள்ளை ரூ. 3.5-ஐ மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று படித்தால் வியப்பில்லை.

ஆகவே முதல் இரண்டு வகுப்புகளுக்குப் புளியங்கொட்டையும் குச்சிக் கட்டும் போதும். மூன்றாம் வகுப்பில் காசு வரட்டும். பாட்டி காய் வாங்கும்போது பேரன் மீதியை எண்ணி வாங்கட்டும். வீடு வந்ததும் அதே 100-இலிருந்து 63-ஐச் சிலேட்டில் கழித்து, கையிலுள்ள 37-உடன் ஒப்பிடட்டும். ஒப்பிட வைக்க நேரமில்லாத பள்ளி, காகித நோட்டு அச்சடித்து வகுப்பறையில் கடை வைப்பதால் கணக்கில் பெரிய பயன் இருக்காது.