லோத்தின் மனைவியும் வாலிங்போர்டுப் பிரபுவும்

ஆயர் ஒருவருக்குப் படைத்தலைவர் ஒருவர் வரைந்த இலத்தீன் மடலொன்றை அண்மையில் மீண்டும் படித்தோம். 1143ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட மடல் அது. வரைந்தவர் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் அமைந்த வாலிங்போர்டு கோட்டையின் பிரபு, பிரையன் பிட்ஸ் கவுண்ட். பெற்றவர் வின்செஸ்டர் ஆயரும் திருத்தந்தையின் தூதருமான ஹென்றி. இடைக்காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் மடல்கள் பெரும்பாலும் துறவியரும் குருக்களும் எழுதியவை. வாள் ஏந்தியவர் தம் மனச்சான்றைத் தாமே திறந்து காட்டும் மடல் மிக அரிது. 1910இல் அச்சேறிய இம்மடலை வரலாற்றாசிரியர்கள் சான்றுக்காகப் புரட்டுகின்றனர். இலக்கியமாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாம் ஹென்றி மன்னரின் ஒரே முறையான ஆண்வாரிசு 1120இல் கப்பல் மூழ்கி இறந்தார். எனவே 1127ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் மகள் மட்டில்டாவையே வாரிசாக ஏற்கும்படி மன்னர் பிரபுக்களிடம் ஆணை வாங்கினார். 1135 டிசம்பரில் மன்னர் இறந்ததும், அதே ஆணையைச் செய்திருந்த அவர் மருமகன் ஸ்டீபன் முடிசூடிக்கொண்டார். முடிசூட்டுக்கு முன்நின்று உழைத்தவர் ஸ்டீபனின் உடன்பிறந்தவரான இதே ஆயர் ஹென்றி. 1141 பிப்ரவரியில் லிங்கன் போரில் ஸ்டீபன் சிறைப்பட, ஆயர் மட்டில்டாவின் பக்கம் வந்தார். சில திங்கள்களிலேயே அண்ணனிடம் திரும்பியும் போனார்.

பிரையனோ பிரித்தானி நாட்டுக் கோமகனுக்கு முறையான மணமின்றிப் பிறந்தவர். ஹென்றி மன்னரின் அரண்மனையில் வளர்ந்தவர். நிலமும் மனைவியும் மதிப்பும் மன்னர் தந்தவை. 1139இல் மட்டில்டா இங்கிலாந்தில் கரையிறங்கியதும் அவர் பக்கம் சேர்ந்து, நிலங்களை எல்லாம் இழந்து, முற்றுகைகளுக்கு நடுவே கோட்டையை மட்டும் காத்து நின்றார். 1142இன் கடுங்குளிரில் ஆக்ஸ்போர்டு கோட்டையிலிருந்து உறைந்த ஆற்றையும் பனியையும் கடந்து தப்பிய மட்டில்டா வந்து சேர்ந்த இடம் வாலிங்போர்டுதான்.

வின்செஸ்டரில் ஆயர் நடத்திய சந்தைக்குச் சென்ற வணிகரின் பொருள்களைப் பிரையனின் ஆட்கள் பறித்தனர். ஆயர் கண்டித்தார், பின்னால் திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவியை நினைவுகொள்ளும்படி எச்சரித்தார். மடலின் சுவையே இதற்குப் பிரையன் தரும் மறுமொழியில்தான் இருக்கிறது. லோத்தையோ அவர் மனைவியையோ அவர்களின் நகரையோ தாம் கண்டதில்லை என்று தொடங்குகிறார்! திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று வானதூதர் அவர்களுக்குக் கட்டளையிட்டதாகக் கேள்விப்பட்டதுண்டு, தமக்கு அத்தகைய கட்டளை எதுவும் வரவில்லை என்கிறார். மாறாக, மன்னரின் மகளுக்குத் துணைநிற்கத் தமக்குக் கட்டளையிட்டவர் திருச்சபையின் அதிகாரியாகிய அதே ஆயர்தான். அந்தக் கட்டளையைத் திரும்பிப் பார்ப்பதே தம் கடமை என வாதிடுகிறார். மறைநூலை அறிந்தவர் எறிந்த கல்லை எடுத்து அவரிடமே திருப்பி எறிகிறார். நகைச்சுவையும் வேதனையும் ஒன்றாய்க் கலந்த இப்பகுதியைப் படித்து நாம் சிரித்தோம். சிரித்ததற்காகச் சற்று நாணவும் செய்தோம்.

முறையாகக் கல்வி பயிலாத ஒரு வீரர் இவ்வளவு திறமாக வாதிடுவதைக் கண்டு அக்காலத்தவரும் வியந்தனர். பிரையன் மட்டில்டாவின் உரிமையை நிலைநாட்ட ஒரு நூலும் செய்திருந்தார். அந்நூல் இன்று இல்லை. அதைப் பாராட்டிக் குளோஸ்டர் துறவுமடத் தலைவர் கில்பர்ட் போலியட் எழுதிய நீண்ட மடல் மட்டும் நிற்கிறது. ஆண்மக்களின்றி இறந்தவரின் புதல்வியர் சொத்துரிமை பெற்றதாக எண்ணிக்கை நூல் கூறுவதை அது சான்றாக எடுத்தாள்கிறது. போலியட்டின் மடல் கற்றவரின் மடல். ஆயினும் பிரையனின் சூடு அதில் இல்லை.

இனி நம் மனக்குறை. பிரையன் தம் உறுதியைக் கூறும்போது ஒன்றை விழுங்கிவிடுகிறார். 1136இல் ஸ்டீபன் வழங்கிய சாசனத்துக்குச் சாட்சியானவர்களுள் பிரையனும் ஒருவர். மட்டில்டா கரையேறும் வரை மூன்று ஆண்டுகள் அவரும் புதிய மன்னருக்கு இணங்கியே இருந்தார். ஆயர் மாறியதைச் சுட்டும் விரல் தம்மை நோக்கித் திரும்பவில்லை. அதைவிட நம்மை உறுத்துவது மற்றொன்று. மன்னர் தந்த நிலத்தில் ஓர் ஏக்கர் தானியம்கூடத் தமக்கு அறுவடையாவதில்லை. ஆகவே தம்மவர் உயிர்வாழப் பிறரிடம் எடுப்பதில் வியப்பென்ன என்று கேட்கிறார். இழந்தவர் கூறும் உண்மை அது; ஐயமில்லை. ஆனால் அந்தப் 'பிறர்' யார்? வண்டியோட்டி, கம்பளி வணிகன், சந்தைக்குச் செல்லும் உழவன். எந்த ஆணையும் செய்யாத அம்மனிதர்களுக்கு மடலில் முகமே இல்லை. ஆயரின் கண்டனத்திலும் அவர்களைவிட அவருடைய சந்தையே பெரிதாகத் தெரிகிறது.

ஆயினும் மடலின் முடிவு நம்மை மீண்டும் அவர்பால் ஈர்க்கிறது. தாம் எழுதியதை நீதித்தீர்ப்பாலோ தனிப்போராலோ நிலைநாட்டத் தயார் என்று, தம்மை வளர்த்த மன்னரின் பெயரைச் சொல்லி, ஆயருக்கே அறைகூவல் விடுக்கிறார். அந்த அறைகூவலில் வீரரின் செருக்கைவிட வளர்ப்பு மகனின் நன்றியே நமக்குக் கேட்கிறது. 1148இல் மட்டில்டா நார்மண்டிக்குத் திரும்பிவிட்டார். வாலிங்போர்டு பணியவில்லை. 1153இல் அக்கோட்டையின் முன்னேதான் இரு படைகளும் போரிட மறுத்து நின்றன. அவ்வாண்டின் உடன்படிக்கையால் மட்டில்டாவின் மகன் ஹென்றி வாரிசானார். பிள்ளைகளற்ற பிரையனின் நிலங்களும் அரசுக்கே போய்ச் சேர்ந்தன.