கப்பல் எதுக்குப் போச்சு?

பள்ளிக்கூடத்தில் ராபின்சன் குரூசோவைச் சுருக்கிக் கொடுத்தார்கள். தீவில் தனியாளாய் வேலி போட்டான், ஆடு வளர்த்தான், பெரிய உழைப்பாளி என்றார் வாத்தியார். நாங்களும் எழுதி மார்க் வாங்கினோம். அவன் எதுக்குக் கப்பலேறினான் என்று யாரும் கேக்கல.

எம்.ஏ. முடித்த பிறகுதான் அகராதியை வைத்துக்கொண்டு முழு நாவலையும் படித்தேன். பிரேசிலில் தோட்டம் வைத்திருந்தவன், வேலைக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கள்ளத்தனமாய்க் கொண்டுவரப் போகிறான். அப்போதுதான் கப்பல் உடைகிறது. டீஃபோ இதை வெளியிட்டது 1719இல். ஸ்பானிய அமெரிக்காவுக்கு அடிமைகளை விற்கும் உரிமையை 1713இல்தான் இங்கிலாந்து வாங்கியிருந்தது. லண்டன் வாசகருக்கு அது சாதாரண வியாபாரம்.

அதற்கும் முன்னால், தன்னோடு தப்பிவந்த சூரி என்ற பையனை 60 வெள்ளிக்காசுக்கு விற்கிறான். பிறகு வருத்தப்படுகிறான். எதுக்கு? தோட்டத்துக்கு ஆள் பத்தலையே என்று! தீவில் கிடைத்தவனுக்கு 'வெள்ளிக்கிழமை' என்று இவனே பேர் வைக்கிறான். அவனுக்கென்று ஒரு பேர் இருந்திருக்குமே, கேட்டானா? தன்னை 'எஜமான்' என்று கூப்பிடச் சொல்லித் தருகிறான். பண்ணையில் 'ஆண்டே, சாமி' என்று கூப்பிட்டே செத்துப்போன தாத்தாவின் பேரன் நான். இந்த இடத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரமாச்சு.

இலக்கியத்துக்குள் வரலாற்றை நுழைக்காதே என்கிறார்கள் பேராசிரியர்கள். நானா நுழைத்தேன்? அடிமை வியாபாரம் நாவலுக்குள்ளேயே இருக்கு. வெட்டியெடுத்தது சுருக்கியவர்கள்.