பூங்குழலி கட்சி

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களிடம் யாரைப் பிடிக்கும் என்று கேளுங்கள். பாதிப் பேர் வந்தியத்தேவன் என்பார்கள். நந்தினிக்கென்று ஒரு கூட்டம் உண்டு. குந்தவைக்காக வரிந்துகட்டுபவர்களும் உண்டு. தலைப்புக்கு உரிய அருள்மொழிவர்மர் பெயர் பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வரும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதைக்கு இன்றும் இப்படி கட்சிகள் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நான் பூங்குழலி கட்சி. கோடிக்கரையில், தன்னைத் துரத்தி ஓடிவந்து புதைசேற்றில் சிக்கிய வந்தியத்தேவனைக் கரையேற்றுகிறாள். இருட்டில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, அவர்கள்தான் தன் காதலர்கள் என்கிறாள். பிறகு அவனையே படகில் ஏற்றி, தனியாகத் துடுப்பு வலித்து இலங்கைக்குக் கொண்டுபோகிறாள். அரண்மனைச் சூழ்ச்சிகள் எனக்கு அலுத்தாலும் அந்தக் கடல் அத்தியாயங்கள் அலுப்பதில்லை. உப்புக் காற்றும் தனிமையும் பிடிவாதமும் கலந்த பெண் அவள். சரித்திரக் கதைகளில் அப்படி ஒருத்தியைக் காண்பது அரிது.

அடுத்த முறை படிக்கும்போது கோடிக்கரைப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.