புலால் மறுத்தலும் மலைநாட்டு மண்ணும்

திருவள்ளுவர் புலால் மறுத்தலை இல்லறவியலில் வையாது, துறவறவியலில் அருளுடைமையை அடுத்து, 26ஆம் அதிகாரமாக வைத்தார். இதுகொண்டு, ஊனுண்ணாமை துறவிக்கே உரியது, இல்வாழ்வானைக் கட்டாது என வாதிப்பாருளர். அவ்வதிகாரத்து ஆறாங் குறளை நோக்குமிடத்து அவ்வாதம் வலியிழக்கின்றது. உண்ணுதற்கென வாங்குவார் இலராயின் விற்றற்கெனக் கொல்வாரும் இலராவர் என்பது அதன் கருத்து. சந்தைக்குச் சென்று விலைகொடுத்து வாங்குபவன் துறவியல்லன், இல்வாழ்வானே. கண்டியிலிருந்து நோக்குவார்க்கு இக்கருத்துப் பின்னும் ஆராயத்தக்கது. தன்பொருட்டுக் கொல்லப்பட்டதெனக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைப் பிக்கு ஏற்கலாம் எனத் தேரவாத விநயம் இசையும். வள்ளுவரோ உண்பானையே காரணனாக்குகின்றார்.

இன்று சுற்றாடல் அறிஞர் மரக்கறியுணவுக்குக் கூறும் நியாயமும் இம்முறையினதே. அவர் தொடங்குமிடம் உயிரிரக்கமன்று. நிலமும் நீரும் காற்றுமாம். எனினும் காரணத்தை உண்பானிடத்தே தேடுகின்றனர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துப் பூர் என்பாரும் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் நெமெசெக் என்பாரும் 119 நாடுகளின் ஏறக்குறைய 38,700 பண்ணைகளை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மேய்ச்சல் நிலம் உட்பட உலகின் விவசாய நிலத்தில் 83 வீதத்தை இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் என்பன கொள்கின்றன. அவை தருவதோ கலோரியில் 18 வீதமும் புரதத்தில் 37 வீதமுமே என்பது அவர்தம் முடிபு. விலங்கானது தான் தின்றதிற் பெரும்பகுதியைத் தன் உடற்சூட்டிலும் இயக்கத்திலும் செலவிட்டுவிடுகின்றது. அசைபோடும் மாடு மீதேன் வாயுவையும் வெளிவிடுகின்றது. இக்கணக்கை மறுத்தல் எளிதன்று.

இலங்கையில் 2020 செப்டெம்பரில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நாட்டில் மாடறுப்பதைத் தடை செய்வது. மாட்டிறைச்சி உண்பார்க்கு அதனை வெளிநாட்டிலிருந்து இறக்கிச் சலுகை விலையில் அளிப்பது. கத்தி கடல் கடந்ததேயன்றி உண்பான் மாறினானல்லன். காடழிவதும் வாயு எழுவதும் வேறொரு நாட்டில் நிகழும். வானம் இரண்டற்கும் ஒன்றே. வள்ளுவர் வைத்த தராசிலும் சுற்றாடலார் வைத்த தராசிலும் இம்முடிவு ஒருங்கே குறைகின்றது.

ஆயினும் சுற்றாடலாருட் சிலர், தாவர உணவு மண்ணுக்குத் தீங்கு செய்யாது எனப் பொதுப்படக் கூறிவிடுகின்றனர். கண்டி மலைகளைக் கண்டவர் இதனை ஏற்பது அரிது. இம்மலைகளின் காடுகள் மாட்டுக்காக வெட்டப்படவில்லை. முதலிற் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிய, 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இரண்டும் தாவரமே. சரிவிலிருந்து கழுவுண்ட மேன்மண் மகாவலியைச் சேர்ந்தது. அம்மண்ணைக் கொத்தக் கொணரப்பட்ட தமிழகத்து மக்களின் வரலாறு தனியே விரித்தற்குரியது. தேயிலை பசியாற்றும் உணவன்று, ஆதலின் அதனை எடுத்துக்காட்டல் பொருந்தாது எனின், பொருந்தும்: தாவரம் என்னும் பெயர் மாத்திரம் ஒரு பயிரைக் குற்றமற்றதாக்காது; அது எங்கு, எதனை அகற்றி, எவ்வாறு பயிரிடப்பட்டது என்பதே வினா.

அவ்வினாவுக்கு நல்விடை கண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களின் வீட்டுத்தோட்டங்களில் உண்டு. தென்னையும் கமுகும் மேலோங்கி நிற்க, கமுகிலே மிளகு படர, இடையே பலா, ஈரப்பலா, சாதிக்காய், கீழே வாழையும் கிழங்கும் என அடுக்கடுக்காய் நிற்பது அத்தோட்டம். ஏருமில்லை, ஆண்டுதோறும் மண்ணைப் புரட்டலுமில்லை. பிஞ்சிற் கறியாகவும், காயிற் சோற்றுக்கு ஈடாகவும், பழுத்தபின் கனியாகவும், கொட்டையாகவும் பலா பயன்படும். இதனையுணர்ந்து நாடெங்கும் பலா நடுவித்த ஆர்தர் வி. டயஸ் என்பாரைச் சிங்கள மக்கள் ‘கொஸ் மாமா’ என்றே அழைத்தனர். மரக்கறியுணவுக்குச் சுற்றாடலார் தேடும் சான்று வேலிக்குள்ளேயே நிற்கின்றது. அவர்தம் நூல்களிலோ அது அரிதாகவே இடம்பெறுகின்றது.

சைவ வாசகர் இவ்வளவில் மகிழ்ந்து அமைதல் கூடாது. ஊனை விலக்கிய ஆசாரம் பாலையும் தயிரையும் நெய்யையும் விலக்கவில்லை. புதிய கணக்கோ பாலையும் விடுவதில்லை. இங்குத் தேநீரிற் கலக்கும் பால்மாவிற் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருவது. மறுபுறம், உலகச் சராசரியைக் கொண்டு எல்லோரையும் ஒருங்கே கடிதலும் நேர்மையன்று. இந்நாட்டில் உண்ணும் இறைச்சியிற் பெரும்பங்கு கோழியே. மாட்டின் கணக்கை அதன்மேல் ஏற்றல் தவறு. தோட்டத்து லயங்களிலோ கோதுமை ரொட்டியும் சம்பலும் உண்டு வேலைக்குச் செல்வார் பலர். சத்துக்குறை அங்கு நெடுங்காலக் குறை. இறைச்சியைக் குறை என்று அவர்க்கு உபதேசித்தல் இல்லாததைத் துறக்கச் சொல்வதாகும். லயத்தின் பின்னே ஒற்றைப் பசு வளர்ப்பார், கானோரத்துப் புல்லை அறுத்துவந்து இடுகின்றனர். அப்பசுவும் மீதேன் விடுகின்றதுதான். ஆயின் அதன் தீனிக்கென ஒரு காணியும் உழப்படவில்லை. சாணம் போஞ்சிக்கும் கோவாவுக்கும் எருவாகின்றது. பாலிற் பாதி பிள்ளைகளுக்கு, மீதி விலைக்கு.