பாரமும் லேசும்

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளி. தகரக் கூரை. மழை இறங்கிவிட்டால் டீச்சரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் கேட்காது. அந்த டீச்சரின் பாடக்குறிப்பு ஒன்றை ஒருநாள் காலையில் வாசிக்கத் தந்தார்கள். அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கம். தலைப்பு, 'பாரம் – லேசு'. வயது நாலு. நேரம் 20 நிமிடம்.

நல்ல பாட்டொன்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல் அந்தப் பக்கத்தைப் படித்தேன். முதலில் பிடித்துக்கொண்டவை வினைச்சொற்கள். பிள்ளை தூக்கும், வைக்கும், மாற்றும், கொடுக்கும். டீச்சர் தனக்கென்று எழுதிக்கொண்டவை இரண்டுதான்: காட்டுவேன், பார்த்திருப்பேன். 'விளக்குவேன்' என்ற சொல் எங்கும் இல்லை. தென்மேல் மழைக்காலத்தில் பேச்சை நம்பிப் பாடம் போட முடியாதென்று கூரையே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். குரல் எட்டாத இடத்துக்குக் கை எட்டுகிறது.

உபகரணம்: மூன்று மீன் டின்கள். ஒன்று நிறைய மணல், ஒன்றில் பாதி, மற்றது வெறும் டின். மூன்றுக்கும் ஒரே நீலத்தாள் சுற்றி, வாயையும் அதே தாளால் மூடியிருந்தார். பாதி மணல் இருக்கிற டின்னைத் தூக்கினால் உள்ளே சரசரக்கும் அல்லவா? பிள்ளை கையால் அறியுமுன் காது சொல்லிவிடும். அதற்காக மணலுக்கு மேலே பஞ்சை இறுக்கி அடைத்திருந்தார். அந்தப் பஞ்சு ஒன்றே எனக்குப் போதும். கண்ணுக்கும் காதுக்கும் மூன்றும் ஒன்றுபோல் இருக்கின்றன. கையில் எடுத்தால் மட்டும் வேறாகின்றன. கற்பிக்க வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்கி வைப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

1907இல் ரோம் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மொண்டிசோரி இதற்கு மரப்பலகைகள் செய்தார். அளவு ஒன்றே, மரம் மூன்று. எடை 24, 18, 12 கிராம். மரத்தின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியில் ஏந்திப் பார்க்கவேண்டும். அவர் 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். முன்பள்ளியை மொண்டிசோரி என்றே சொல்கிறவர்கள் இங்கே இன்றும் உண்டு. பூண்டுலோயாவின் நீலத்தாளோ கண்ணை மூடும் தேவையையே நீக்கிவிட்டது. கண்ணைக் கட்டினால் அழுகிற பிள்ளைகளை அறிந்த கை சுற்றிய தாள் அது.

ஆரம்பப் பாட்டும் முடிவுப் பாட்டும் வழக்கமானவை. நடுவில் மூன்று வரிகள் இருக்கின்றன.

இது பாரம், இது லேசு.
பாரமானதை எனக்குத் தாங்க.
இது எப்படி இருக்கு?

செகுவேன் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து மொண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று படிகள் இவை. முதல் வரியில் சொல் டீச்சருடையது. மூன்றாவதில் அது பிள்ளையுடையது. இடையில் உள்ள வரியில்தான் நயம் இருக்கிறது. அங்கே பிள்ளை வாயைத் திறக்க வேண்டியதில்லை, டின்னை எடுத்து நீட்டினால் போதும். பேசக் கூச்சப்படுகிற பிள்ளையும் விடை சொல்லிவிடுகிறது. இந்தப் படிக்கு எட்டு நிமிடம் ஒதுக்கி, பக்கத்தில் 'அவசரமில்லை' என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். அவசரப்பட்டு மூன்றாவது கேள்விக்குத் தாவுகிற வகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்த பிள்ளை நாலு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் அன்றைக்கு வாயே திறக்கமாட்டார்கள்.

கடைசியில் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்: 'பிள்ளை சொன்னது'. பாடம் முடிந்த பிறகு நிரப்புவதற்கு. முந்தின நாள் பக்கத்தில் அந்த இடம் நிரம்பியிருந்தது. அன்று ஒரேமாதிரி இரண்டு துவாய்களைக் கொடுத்திருக்கிறார், ஒன்றை மட்டும் நனைத்து. ஒரு பெண்பிள்ளை நனைந்ததைத் தூக்கிவிட்டுச் சொன்னது: "மழக் கொழுந்து மாதிரி பாரம் டீச்சர்."

அந்த வயதில் அது எங்கே கற்றதென்று கேட்கவே வேண்டாம். மழையில் நனைந்த கொழுந்து கூடையில் கனக்கும். முதுகு சுமந்த கனம் முழுவதும் கணக்கில் ஏறாது, தராசடியில் ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்கள். அந்திக்கு லயத்தில் அம்மா அதைச் சொல்லிக் குமுறுவதைப் பிள்ளை கேட்டிருக்கும். பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆடிய காலத்திலிருந்தே கேட்டிருக்கும். டீச்சர் அந்த வாக்கியத்தைத் திருத்தவில்லை. 'மழைக் கொழுந்து' என்று எழுத்துத் தமிழுக்கு மாற்றவும் இல்லை. சொன்னபடியே எழுதி, கீழே ஒரு குறிப்பு: 'ஈரத் துவாயைக் கயிற்றில் போட்டுவை. நாளைக்கும் தூக்கட்டும்.'

டின் பாடம் நடந்த அன்றைக்கு வகுப்பில் நான் இருந்தேன். ராத்திரி முழுக்க மூடுபனி. டின்களுக்கு முன்னால், முதல் வேலையாக அந்தப் பெண்பிள்ளை கயிற்றுக்குப் போனாள். துவாயை இரண்டு கையாலும் ஏந்தினாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் பாரம்தான், டீச்சர்."

டீச்சர் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.